அழகர்கோவில் ரோட்டு அம்புக்கடை: பன்னிரண்டு அம்புக்கு ஒன்பது நாள்

கடையின் பெயரைப் போடவில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் போய் நிற்க வேண்டும். மதுரையில் வில் பிடிக்கிறவர்கள் ஒரு கைக்குள் அடங்குகிற கூட்டம், அழகர்கோவில் ரோட்டில் இடது பக்கம் தென்னந்தோப்புக்குள் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், பின்னால் பயிற்சி மைதானம் என்று சொன்னாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். புரியாதவர்கள் ரேஸ்கோர்ஸ் பக்கம் விளையாட்டரங்கத்தில் வில்லோடு நடக்கிற எந்தப் பையனைக் கேட்டாலும் வழி சொல்வான்.

நான் போனது இரண்டு காரியத்துக்காக. ஒன்று, என் 55 பவுண்டு இழுப்புள்ள காம்பவுண்ட் வில்லுக்கு (கப்பிச் சக்கரம் வைத்த வில்) சரியான அம்பு. இரண்டாவது, என் மச்சினனுக்கு. அவன் அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறான், அங்கே வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவன், அக்டோபர் 1ஆம் தேதி அவர்களுக்கு வில் சீசன் தொடங்கி நவம்பர் 14 வரை ஓடும், 15ஆம் தேதி துப்பாக்கிக்காரர்கள் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். இந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவன் ஆடி வரைக்கும் இங்கேதான் என்று முடிவாகிவிட்டது, மூன்று மாதம் வில்லைத் தொடாமல் இருந்தால் தோள் செத்துவிடும் மாமா என்று சொல்லி வில்லைப் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். கூட ஆறு அம்பு. வந்த இரண்டாவது வாரத்திலேயே அதில் இரண்டு காலி.

என் கதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக அம்பு வாங்கப்போகிறவர்கள் எல்லாரும் நான் செய்த தப்பைத்தான் செய்வார்கள். வில் வாங்கிய ஜோரில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஒரு டஜன் கார்பன் அம்பு வாங்கினேன். படத்தில் கருகருவென்று அழகாக இருந்தது, 500 என்று போட்டிருந்தது, பெரிய எண் என்றால் பலமான அம்பு என்று நானே நினைத்துக்கொண்டேன். இருபது கஜத்தில் விட்டால் ஒன்று இடப்பக்கம் போகும், அடுத்தது வலப்பக்கம் போகும், எல்லாமே வாலை ஆட்டிக்கொண்டு சாரைப்பாம்பு மாதிரிப் போகும். என் கைதான் சரியில்லை என்று ஆறு மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கடையில் மாஸ்டர் (எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அறுபதைத் தாண்டியவர், முன்பு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வில் கற்றுக்கொடுத்தவர்) அந்த அம்பை வாங்கி இரண்டு கையிலும் பிடித்து லேசாக வளைத்தார். "இது உங்க வில்லுக்கு இளசு தம்பி. பாதி பாரத்துக்கே மடங்குற கம்புல காவடி கட்டுன மாதிரி" என்றார். அப்புறம்தான் அந்த எண் என்ன என்று புரிந்தது. இரண்டு முட்டுகளுக்கு நடுவில் 28 அங்குல இடைவெளி விட்டு அம்புத்தண்டைப் படுக்கவைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு தொய்கிறது என்பதுதான் கணக்கு. அரை அங்குலம் தொய்ந்தால் 500. 0.4 அங்குலம் தொய்ந்தால் 400. ஆக எண் கூடக்கூடத் தண்டு தளர்வு, குறையக்குறைய விறைப்பு. எலெக்ட்ரீஷியன்களுக்கு இது உடனே விளங்கும், கம்பியின் கேஜ் எண் கூடினால் கம்பி மெலிசு என்பது மாதிரிதான். இதற்கு ஸ்பைன் என்று பெயர். அம்பு நேராகப் பறப்பதில்லை, நாண் பின்னாலிருந்து தள்ளும்போது முனையின் கனம் முன்னால் தடுக்க, தண்டு வளைந்து நெளிந்து அப்புறம்தான் நேர்ப்படுகிறது. அந்த நெளிவு வில்லின் வேகத்துக்குப் பொருந்தி வர வேண்டும். நான் வாங்கியதோ 30 அங்குலம் வெட்டாமல் வந்தது, நீளம் கூடினால் தளர்ச்சி இன்னும் கூடும், முனையில் கனம் கூடினாலும் கூடும். பெட்டியில் இருந்தது 500 என்றால் என் வில் மேல் அது அதைவிடத் தொளதொளப்பாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கடைக்கு நான் நல்ல மார்க் போடுவேன். அம்பு வேணும் என்று போய் நின்றவுடன் அவர் அம்பு எடுத்துக் காட்டவில்லை. கையை விரிக்கச் சொல்லி, இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை தையல்காரர் டேப்பால் அளந்தார். 71 அங்குலம், அதை இரண்டரையால் வகுத்தால் இருபத்தெட்டரைக்குப் பக்கம், அதுதான் தோராயமான இழுப்பு நீளம். அதோடு நிற்கவில்லை. வில்லை வாங்கித் தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தார், நான் 55 என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் 53தான். அப்புறம் அளவுகோடு போட்ட ஒரு நீள அம்பை மாட்டி முழுசாக இழுக்கவைத்து, ரெஸ்ட் (வில்லில் அம்பு உட்கார்கிற தாங்கி) எங்கே வருகிறது என்று பென்சிலால் குறித்தார். முனை ரெஸ்டைத் தாண்டி ஓர் அங்குலமாவது முன்னால் நிற்க வேண்டும், இல்லையென்றால் அம்பு உள்ளே விழுந்து கையில் பாயும் என்றார். கடைசியில் 400 ஸ்பைன், 29 அங்குலம், நூறு கிரெயின் முனை என்று முடிவானது. இத்தனைக்கும் அரை மணி நேரம், இன்னும் ஒரு பைசா வாங்கவில்லை. மதுரையில் செருப்பு வாங்கப் போனால்கூட இத்தனை அளவு எடுக்கமாட்டார்கள்.

எடை விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அம்பு உலகத்தில் எல்லாமே கிரெயின் கணக்கு, 7000 கிரெயின் ஒரு பவுண்டு, ஒரு கிரெயின் 0.065 கிராம் மாதிரி வரும். கடையில் இருப்பது தெற்காவணி மூல வீதியில் வாங்கிய நகைத் தராசு. அதில் அம்பை வைத்து, வரும் கிராமைப் பெருக்கி ஒரு கோடு போட்ட நோட்டில் கிரெயினாக எழுதுகிறார். என் அம்புக்குத் தண்டு அங்குலத்துக்கு எட்டரை கிரெயின், 29 அங்குலத்துக்கு 246 சொச்சம், முனையைத் திருகி மாட்ட உள்ளே ஒட்டுகிற அலுமினிய இன்செர்ட் 16, மூன்று வேன் (வாலில் ஒட்டுகிற பிளாஸ்டிக் இறகு) சேர்ந்து 18, நாக் (நாணில் மாட்டுகிற பின்முனைக் கவ்வி) 10, முனை 100. ஆக 390. கிராமில் 25 சொச்சம். மூன்று பவுன் சங்கிலியைவிடச் சற்றுக் கூடுதல் என்று மச்சினன் கணக்குப் போட்டான், அதுவும் ஒன்றல்ல, பன்னிரண்டு சங்கிலி. இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி பார்த்த பார்வை வேறு கதை.

பன்னிரண்டையும் தனித்தனியாக நிறுத்தார். பத்து அம்புகள் மூன்று கிரெயின் வித்தியாசத்துக்குள் அடங்கின. ஒன்று நான்கு கூட. ஒன்று ஒன்பது கிரெயின் கூடுதல், அதை எடுத்து வைத்துவிட்டு வேறு தண்டு போட்டார். பழைய இணைய அம்புகளையும் ஆசைக்கு நிறுத்துப் பார்த்தோம், அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடலாம். ஆனால் நாக் பற்றிப் பேசியே ஆக வேண்டும். அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் அது தொங்க வேண்டும், நாணை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் கழன்று விழ வேண்டும். என் பழைய அம்புகள் மாட்டிய உடனே விழுந்தன. இழுக்கும்போது நாக் நழுவி வில் வெறுமனே அடித்தால் அம்பு இல்லாமல் விட்ட மாதிரிதான், வில்லின் கை வெடித்துவிடலாம். ஆறு மாதம் அந்த அம்பை வைத்து விட்டிருக்கிறேன், அழகர்தான் காப்பாற்றினார்.

சரி, மச்சினன் கதைக்கு வருகிறேன், கடைக்கு உண்மையான பரீட்சை அதுதான். அவன் கேட்டது சாதாரண பயிற்சி அம்பு இல்லை. "நான் அங்கே மானுக்கு எதை விடுறேனோ அதையே இங்கே பஞ்சுமூட்டைக்கு விடணும், எடை, நீளம், தலைக்கனம் எதுவும் மாறக் கூடாது" என்றான். மிச்சம் இருந்த நான்கு அம்பில் ஒன்றைக் கொடுத்து, இதே மாதிரி ஆறு என்றான். மாஸ்டர் அதை வாங்கிப் பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. நிறுத்தார், 449. ஒரு ஸ்கேலின் விளிம்பில் வைத்து எங்கே சமன் ஆகிறது என்று பார்த்தார். நாக் பள்ளத்திலிருந்து 18.2 அங்குலத்தில் நின்றது. மொத்த நீளம் இருபத்தெட்டரை, அதில் பாதி 14.25, வித்தியாசத்தை நீளத்தால் வகுத்தால் 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. முன்பாரம் என்று அவர் சொல்கிறார், நல்ல வார்த்தை. என் அம்பு 18 அங்குலத்தில் நின்று 12 சதவீதம் காட்டியது. வேட்டைக்குப் போகிறவர்கள் 10 முதல் 15 வரை வைத்துக்கொள்வார்கள், காரணம் அவர்கள் போடுகிற அகல அலகு முனை, ப்ராட்ஹெட், காற்றில் குட்டிச் சிறகு மாதிரி வேலை செய்து அம்பைத் திருப்பப் பார்க்கும், முன்பக்கம் கனமாக இருந்து பின்னால் வேன் பெரிதாக, சற்றுச் சாய்த்து ஒட்டியிருந்தால்தான் அடங்கும்.

"உள்ளே பித்தளை போட்டிருக்கீங்க, இல்லையா?" என்று கேட்டார். அவன் அசந்துவிட்டான். அலுமினியத்துக்குப் பதில் 50 கிரெயின் பித்தளை இன்செர்ட், அதைப் பிரித்துப் பார்க்காமலே சொன்னார். கடையில் பித்தளை இன்செர்ட் இல்லை. நான் சரி, போச்சு என்று நினைத்தேன். அவர் டவுன்ஹால் ரோடு பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் பித்தளைக் கம்பியில் கடைந்து வாங்கி, அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஆறையும் 50க்குக் கொண்டுவந்தார். முடித்த அம்புகள் 447 முதல் 451 வரை. மச்சினன் விட்டுப் பார்த்தான், பழையதும் புதியதும் இருபது கஜத்தில் ஒரே உள்ளங்கைக்குள் விழுந்தன.

பின்னால் வேகம் அளக்கும் கருவி ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அவன் வில் 60 பவுண்டு, 449 கிரெயின் அம்பு வினாடிக்கு 250 அடி போனது. எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் இயக்க ஆற்றல் கிடைக்கும், 62 வந்தது. வில் வேட்டைக்காரர்கள் வழக்கமாக வைத்துக்கொள்கிற அட்டவணையில் மானுக்கு 25 முதல் 41 வரை போதும், பெரிய கடமான் வகை, கருங்கரடி, காட்டுப்பன்றிக்கு 42 முதல் 65. "அப்போ நம்ம வல்வில் ஓரிக்கு என்ன எடை அம்பு மாமா?" என்றான். யானை, புலி, மான், பன்றி, உடும்பு, ஐந்தையும் ஒரே அம்பு துளைத்ததாகப் புலவர் பாடினார். கொல்லிமலையில் அன்றைக்குத் தராசு வைத்திருந்தால் தெரிந்திருக்கும். மாஸ்டர் சிரிக்காமல், "யானையிலேயே ஆரம்பிச்சிருக்கார், அப்ப இரும்பு நெறைய" என்றார்.

வேகம் போதாதா, லேசான அம்பு போட்டால் இன்னும் பறக்குமே என்று நான் கேட்டதற்கு மச்சினன் சொன்ன பதில் எனக்குப் புதிது. மானுக்கு நாண் சத்தம் கேட்டவுடன் ஓட எத்தனிக்கும், எத்தனித்தால் முதலில் உடம்பைக் கீழே தாழ்த்தும். இருபது கஜம் அறுபது அடி. அவன் அம்பு அதைக் கடக்கக் கால் வினாடி, சத்தமோ இருபதில் ஒரு பங்கு வினாடியில் போய்விடும். இடைப்பட்ட நேரத்தில் மான் சற்றுக் கீழே போயிருக்கும். எவ்வளவு வேகமான வில்லாக இருந்தாலும் சத்தத்தை முந்த முடியாது, அதனால் பத்து இருபது அடி வேகத்தைக் கூட்டுவதைவிட வில்லைச் சத்தமில்லாமல் வைப்பது மேல், கனமான அம்பு போட்டால் வில்லில் மிஞ்சுகிற அதிர்வு குறைவு, சத்தமும் குறைவு. அவன் முப்பது கஜத்துக்கு மேல் விடவே மாட்டானாம்.

மைதானத்தைப் பற்றி. பத்து, இருபது, முப்பது, ஐம்பது கஜத்தில் ஃபோம் அடுக்குத் தட்டிகள், அதுபோகச் சாக்கில் துணிக் கழிவு அடைத்த மூட்டைகள், ஒரு ஃபோம் மான், ஒரு ஃபோம் பன்றி. பன்றிக்கு ஒரு காது இல்லை. மூட்டைகள் பரவாயில்லை, அம்பை உருவ லேசாக வருகிறது, ஃபோம் தட்டியில் கோடை மதியத்தில் விட்டால் அம்பு ஒட்டிக்கொண்டு பிடுங்க ஆள் வேண்டும், சோப்புக்கட்டியைத் தண்டில் தேய்த்துக்கொண்டு போங்கள். ஃபோம் மானின் முன்னங்கால் பின்னால் நெஞ்சு இருக்கும் இடத்தில் வட்டம் போட்டிருக்கிறது. மாஸ்டருக்கு வேட்டை தெரியாது, அதை அவரே சொன்னார், அவருக்குத் தெரிந்தது போட்டி. ஆனால் மச்சினன் கேட்டதற்கெல்லாம் இடம் கொடுத்தார். மிச்சிகனில் அவன் மரத்தில் கட்டிய ஸ்டாண்டில், இடுப்பில் பாதுகாப்புப் பட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து விடுவான். மைதானத்து ஓரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் கட்டிய பன்னிரண்டு அடி மேடை இருக்கிறது. அதில் ஏறிக் கீழே இருக்கும் ஃபோம் மானுக்கு விட்டுப் பழகினான். இருபது கஜத்தில் அந்த உயரத்தால் தூரக்கணக்கு பெரிதாக மாறாது, மாறுவது உடம்பு. கையை மட்டும் இறக்கினால் இழுப்பு நீளம் சுருங்கி அம்பு எங்கோ போகும், இடுப்பிலிருந்து குனிய வேண்டும். முதல் நாள் எல்லாம் மானின் முதுகுக்கு மேலேயே போனது.

அடுத்து அவன் செய்தது, மைதானமே கூடி நின்று பார்த்தது. மே மாதம், மதுரை, காலை பத்து மணி. குளிர் ஜாக்கெட், கையுறை, குல்லா. அக்டோபர் கடைசியில் அங்கே விறைக்கும், தடித்த கைச்சட்டையில் நாண் உரசினால் அம்பு ஓரமாகப் போகும், அதனால் போட்டுப் பழகியே ஆக வேண்டும் என்று சாதித்துவிட்டான். ஆறு அம்பு விட்டுவிட்டு இறங்கி வந்து ஜாக்கெட்டைப் பிழிந்தான். நாண் உண்மையிலேயே சட்டையில் பட்டது, இரண்டு அம்பு ஒரு முழம் விலகியது, கைப்பட்டை மாட்டிச் சட்டையை அமுக்கிய பிறகுதான் சரியானது. தோப்புக்காரர் வந்து "தம்பிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேட்டை என்று எழுதியவுடன் ஆவலாக இருப்பவர்களுக்கு: கடை வாசலில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறது, உயிருள்ள எதன் மேலும் அம்பு விடக் கூடாது, விட்டால் வில்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பப்படும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இங்கே முயலைக்கூடத் தொட முடியாது. தோப்புக்குள்ளேயே மயில் உலாத்துகிறது, மைதானத்துக்குள் ஒரு மயில் வந்தால் அது போகும் வரை எல்லாரும் வில்லைக் கீழே வைக்க வேண்டும், ஒரு நாள் இருபது நிமிஷம் அப்படி நின்றோம். ப்ராட்ஹெட் அவர் விற்பதில்லை. நான் இருக்கும்போதே இரண்டு பேர் பைக்கில் வந்து, பாரிவேட்டைக்கு வேணும், அலகு முனை கிடைக்குமா என்று கேட்டார்கள். "வனத்துறைக்காரங்க நம்பர் வேணா தர்றேன்" என்றார் மாஸ்டர், அவர்கள் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். மச்சினனுக்கு இதில் வருத்தமே இல்லை, அவன் அலகு முனை எல்லாம் மிச்சிகனில் இருக்கிறது, அதே நூறு கிரெயினுக்கு இங்கே சாதா முனை போட்டுப் பழகிவிட்டு, அங்கே போய்ச் சீசனுக்கு முன்னால் அலகு முனையோடு மறுபடி விட்டுப் பார்ப்பானாம். எடை ஒன்றாக இருந்தாலும் பறப்பது ஒன்றாக இருக்காது. அங்கே லைசென்ஸ் எடுக்க அவன் வகுப்பு படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறான், 1960ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அங்கே அது கட்டாயம். மான் பக்கவாட்டில் நின்றால் விடு, முகம் பார்த்து நின்றால் விடாதே, விட்டபின் அரை மணி நேரம் இருந்த இடத்தைவிட்டு அசையாதே என்பதெல்லாம் அதில்தான் வருமாம்.

இனிக் குறைகள்.

இரண்டு நாளில் தருகிறேன் என்று சொன்ன அம்புகள் ஒன்பது நாள் கழித்துக் கிடைத்தன. வேன் ஒட்டுகிற பையன் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச வேண்டுதல், தோல்பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டான். அதைக்கூட மன்னிக்கலாம், சித்திரையில் மதுரையில் யாரிடமும் வேலை வாங்க முடியாது, வேலை கொடுத்தவன்தான் முட்டாள். ஆனால் போன் எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்கு முறை போய்த் திரும்பினேன். அம்பு வந்தபோது என் செட்டில் மூன்று அம்புக்குத் தனி வேன் (மூன்றில் வேறு நிறத்தில் ஒட்டுகிற ஒன்று) மஞ்சள், மற்றதுக்கெல்லாம் ஆரஞ்சு. பறப்பதில் வித்தியாசம் இல்லை, எனக்குத்தான் கண்ணை உறுத்துகிறது.

பெரிய குறை பசை. என் அம்புகளுக்கு இன்செர்ட்டைச் சூடுகாட்டி ஒட்டும் பசையில் ஒட்டியிருந்தார். அதில் ஒரு வசதி உண்டு, முனையைச் சூடு பண்ணி இன்செர்ட்டைக் கழற்றி மாற்றலாம். ஆனால் இது மதுரை. மே மாதத்தில் ஒரு மதியம் அம்புக்கூட்டைக் காரின் பின் கண்ணாடி அடியில் வைத்துவிட்டு மாட்டுத்தாவணியில் ஒருவரை ஏற்றிவிடப் போனேன். சாயங்காலம் மைதானத்தில் மூன்று அம்பை உருவும்போது தண்டு மட்டும் கையோடு வந்தது, இன்செர்ட்டும் முனையும் மூட்டைக்குள்ளேயே தங்கிவிட்டன. சாக்கைக் கிழித்துத் துணிக்குள் துழாவி எடுக்க ஒரு மணி நேரம். காருக்குள் வைத்தது என் தப்பு என்றாலும், இந்த ஊரில் கடை வைத்திருப்பவர் அதை யோசித்திருக்க வேண்டாமா? மாஸ்டர் வாதாடவில்லை. பன்னிரண்டையும் வாங்கிச் சுத்தம் பண்ணி எபாக்ஸி போட்டு ஒருநாள் முழுக்க வைத்துக் கொடுத்தார், காசு கேட்கவில்லை. நீங்கள் போனால் முதலிலேயே எபாக்ஸி என்று சொல்லிவிடுங்கள்.

கழிவறை இல்லை. குடிதண்ணீர் ஒரு பானை, நல்ல தண்ணீர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். அம்பு வெட்டுகிற சுழல்தகடு ஷெட்டின் மூலையில் திறந்தபடி ஓடுகிறது, கார்பன் தூள் பறக்கிறது, பையன் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெட்டுகிறான். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, நல்ல முகக்கவசம் வாங்கிக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் கைக்குட்டைதான்.

ஒரு சம்பவத்தை எழுதாமல் விட முடியாது. போன மாதம் என் அம்பு ஒன்றின் பின்பகுதியில் இன்னோர் அம்பின் முனை உரசியது. பார்த்தேன், கீறல் மாதிரித்தான் இருந்தது, துடைத்துவிட்டு நாணில் மாட்டினேன். மாஸ்டர் பின்னாலிருந்து கையைப் பிடித்தார். அம்பை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து லேசாக வளைத்துத் திருப்பினார், எனக்கும் கேட்டது, அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். முழங்காலில் வைத்து உடைத்துக் காட்டினார். உள்ளே நார் நாராக, ஊசி மாதிரி. விட்டிருந்தால் நாண் தள்ளுகிற வேகத்தில் தண்டு வெடித்து அந்த நார் முழுக்க வில் பிடித்த கையில் ஏறியிருக்கும். அலுமினிய அம்பு என்றால் வளையும், தெரியும். கார்பன் வெளியே நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். இப்போது ஒவ்வொரு அம்பையும் விடுவதற்கு முன் வளைத்துக் காது கொடுத்துக் கேட்கிறேன், பார்ப்பவர்கள் அம்போடு ரகசியம் பேசுகிறான் என்று நினைக்கிறார்கள்.

விலை: என் பன்னிரண்டு அம்பும் அளவு எடுத்தது, வெட்டியது, ஒட்டியது எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய். இணையத்தில் வாங்கிய குப்பை 5,400. மச்சினனின் ஆறுக்குப் பித்தளை வேலையோடு 6,300, அவன் டாலரில் கணக்குப் போட்டுச் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. மைதானத்துக்கு ஒரு காலைக்கு 150. உடைந்த அம்புக்குப் பதில் ஒற்றை அம்பாகவும் செய்து தருவார், என் நோட்டுப் பக்கத்தைப் புரட்டி அதே எடைக்கு. டஜனாகத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இது பெரிய விஷயம்.

மரவில், மூங்கில் அம்பு வைத்திருப்பவர்களுக்கு இங்கே அவ்வளவு வேலை இல்லை, மாஸ்டருக்கு ஆசை இருக்கிறது, சரக்கு இல்லை. வான்கோழி இறகு ஒட்டிய அம்பு நான்கைந்து அலங்காரத்துக்கு மாட்டி வைத்திருக்கிறார், மழையில் நனைந்தால் இறகு படுத்துவிடும் என்பதால் யாரும் கேட்பதில்லையாம்.

மச்சினன் ஆடி பிறந்த வாரம் கிளம்பினான். அம்பைக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோக முடியாது, பிவிசி குழாயில் அடைத்து இரண்டு பக்கமும் மூடி போட்டு வில்பெட்டிக்குள் வைத்துச் செக்-இன் லக்கேஜில் போட்டான். குழாயும் மூடியும் மாஸ்டர் கொடுத்ததுதான், நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கடை திங்கள் விடுமுறை. ஞாயிறு காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள், எட்டுக்கு மேல் போனால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், மேடை கிடைக்காது. வில்லையும் இப்போது வைத்திருக்கிற அம்பு ஒன்றையும் கட்டாயம் எடுத்துக்கொண்டு போங்கள், அதைப் பார்க்காமல் அவர் எதையும் விற்கமாட்டார்.